ஊதாச் சாயமும் ஓசிக் கல்லும்

இந்த வாரம் வந்தவை எல்லாம் கடல்நீர் மீன் தொட்டிக் கடிதங்கள். எல்லாம் தொட்டிக்குள் அடுக்கும் ‘லைவ் ராக்’ (உயிர்க்கல்) பற்றியவை. தெரியாதவர்களுக்கு: கல்லுக்கு உயிர் கிடையாது. அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குத்தான் உயிர். மீன் கழிவில் வரும் நச்சு அம்மோனியாவை அதுதான் நஞ்சு குறைந்ததாக மாற்றிக் கொடுக்கும்.

கேள்வி: கடலில் விளைந்தது என்று சொல்லி ஊதா நிறக் கல் 8 கிலோ விற்றார்கள். பத்தே நாளில் சாயம் போய்ச் சிமெண்ட் தெரிகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கிறதாம்.

உங்கள் மேல் தவறில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். கல்லை வெள்ளைத் துணியால் துடைத்து, கறை படிந்த துணியைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை கல் தொட்டிக்கு வெளியே இருக்கட்டும். சரியாக ஊறாத சிமெண்ட் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

கேள்வி: நண்பர் தொட்டியைக் கலைத்துவிட்டு 15 கிலோ கல்லை ஓசியில் தந்தார். ஆறு மாதமாக மொட்டை மாடியில் காய்கிறது. கழுவிப் போட்டால் போதுமா?

போதாது. நான் பட்டிருக்கிறேன். அரை விலைக்குக் கிடைக்கிறதே என்று 10 கிலோ பழைய கல் வாங்கி, பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போட்டேன். மூன்றாம் வாரம் கல் முழுக்கப் பச்சை முடி போலப் பாசி. ஞாயிறுதோறும் கையை விட்டுப் பிடுங்குவேன். “கீரை ஆய்கிறீர்களா?” என்பார் மனைவி. பாசிக்கு உரமான பாஸ்பேட், பழைய தொட்டியிலிருந்து கல்லுக்குள் ஊறியிருந்து கசிந்தது என்று பிறகுதான் புரிந்தது.

நன்றாகத் தேய்த்து, வாசனை சேர்க்காத திரவ ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊற வையுங்கள். அலசி, ஆன்டி-குளோரின் போட்டு, வாடையே இல்லாதபடி காயவிடுங்கள். ப்ளீச் அழுக்கைத்தான் எடுக்கும், பாஸ்பேட்டை எடுக்காது. அப்புறம் மூடி போட்ட டிரம்மில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புநீர், ஹீட்டர், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டார். வெளிச்சம் வேண்டாம், பாசிக்கு அதுதான் சோறு. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் சோதியுங்கள். அது அடங்கியதும் கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா விட்டு, கொஞ்சம் அம்மோனியாவும் கொடுங்கள். கொடுத்த அம்மோனியாவும், அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகுதான் மீன். மாதக்கணக்கில் ஆகலாம். ஓசிக் கல்லுக்கு உப்புச் செலவு உண்டு.

கேள்வி: சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ப்ளீச்சோடு டாய்லெட் ஆசிட்டும் ஊற்றினேன். கண் எரிந்து இருமல் வந்தது. ஏன்?

குளோரின் வாயு. பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா? இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: மன்னார் வளைகுடாக் கல் பாதி விலைக்கு வருகிறது. பில் கிடையாதாம். வாங்கலாமா?

பில் கிடையாது என்று அவரே சொன்ன பிறகும் கேட்கிறீர்கள். நான் வாரா வாரம் கத்துவது இதற்குத்தான். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். இங்கே மறுப்பதற்குக் காரணமும் இருக்கிறது: அந்தக் கல் பவளப் பாறை. பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த பவளமும் அதில் சேர்த்திதான். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் படகு படகாகப் பவளம் வெட்டினார்கள். அந்தக் காயமே இன்னும் ஆறவில்லை, நம் வரவேற்பறைக்கு வேறு வெட்ட வேண்டுமா? போலீஸ் வந்தால் விற்றவர் போனை அணைத்துவிடுவார். கல் உங்கள் வீட்டில் இருக்கும். செயற்கைக் கல் வாங்குங்கள், பில்லோடு.

கேள்வி: கல்லில் பழுப்பு நிறப் பூப் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. குக்கரில் போட்டுக் கொதிக்க வைத்தால் போகுமா?

கூடாது. அது பாலித்தோவா என்ற, பூப் போன்ற கடல் உயிரியாக இருந்தால் பாலிடாக்சின் என்ற நஞ்சு ஆவியோடு கிளம்பும். வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் உண்டு. இப்போதே அடுப்பில் இருந்தால் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, குழந்தைகளோடு வெளியே போய்விடுங்கள்.