பின்பக்கம் தாழ்கிறதென்று பட்டை சேர்க்கலாமா?

கேள்வி: என் 1.7 டன் பொலேரோ பிக்கப்புக்கு நாலு வயது ஆகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றுகிறேன். 14 கிலோ பெட்டி 150 ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ‘டங்’கென்று இடிக்கிறது. இடது பக்கம் கூடுதலாகச் சாய்கிறது. பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங் பட்டை (வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடு) சேர்க்கச் சொல்கிறார்கள். இன்னொருவர் பெரிய வண்டியின் பட்டை செட்டையே மாட்டித் தருகிறேன் என்கிறார். அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனை; அதைப் புரோக்கர் பார்த்துக்கொள்வாராம். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் மாடலுக்கு உரிய புதுப் பட்டை செட்டை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை லோடோடு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

ஏனென்றால் உங்கள் கணக்கிலேயே இடிக்கிறது. 150 பெட்டித் தக்காளி 2,100 கிலோ. வெறும் பெட்டியின் எடையை யாரும் சேர்ப்பதில்லை. பெட்டிக்கு ஒரு கிலோ வைத்தாலும் 150 கிலோ. டிரைவர், லோடுமேன் இரண்டு பேருக்கு இன்னொரு 150. ஆக 2,400 கிலோ. 1.7 டன் வண்டியில் 700 கிலோ அதிகம் ஏற்றுகிறீர்கள். பட்டை தளர்ந்திருக்கலாம், ஆனால் பட்டை மட்டுமே குற்றவாளி இல்லை.

பட்டையின் வேலை வண்டியை உயரத்தில் நிறுத்துவதும் குலுக்கலை வாங்கிக்கொள்வதும்தான். பட்டை சேர்த்ததால் ஆக்சில் ஹவுசிங் (சக்கர அச்சின் உறை) கனமாகாது, வீல் பேரிங் பெரிதாகாது, டயரின் தாங்கும் அளவு கூடாது, பிரேக் ஷூ அகலமாகாது. முன்பு பின்பக்கம் தாழ்ந்து உங்களை எச்சரித்தது. இரண்டு பட்டை சேர்த்தபின் அந்த எச்சரிக்கையும் இருக்காது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் 20 பெட்டி ஏற்றுவீர்கள். அடுத்து விரிசல் விடுவது சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டின் ரிவெட் ஓரம்.

விறைப்புக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் பட்டறையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஒரே கனத்தில் ஐந்து பட்டை உள்ள செட்டில் ஒன்று சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும், இரண்டு சேர்த்தால் 40. கனத்தில் கைவைத்தால் கணக்கே வேறு. 8 மி.மீ. பட்டைகளை எடுத்துவிட்டு 9 மி.மீ. போட்டால் 42 சதவீதம் கூடும், 10 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரிய வண்டியின் செட் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கேரளாவில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அந்தப் பட்டை வளையவே வளையாது. மழை ரோட்டில் பின் சக்கரம் துள்ளும், துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

இடது பக்கச் சாய்வை அளந்து பாருங்கள். வண்டி காலியாக, சமதளத்தில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு நிற்க வேண்டும். பின் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே பாடியின் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் சேர்ந்து குழப்பும். இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டை களைத்துவிட்டது, இல்லையென்றால் உள்ளே ஒன்று முறிந்திருக்கிறது. முறிந்த இடமே காரணத்தைச் சொல்லும். நடுவில், பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையில் முறிந்திருந்தால், பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட் லூசாக ஓடியிருக்கிறது. யு போல்ட்டைத் தாண்டி வெளியே முறிந்திருந்தால் பெரும்பாலும் அதிக லோடு.

இனி, நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். காயலான் கடையில் பிரித்த லாரிப் பட்டையை வெட்டி, துளை போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து, ‘புதுசு மாதிரி’ என்று விற்கிறார்கள். பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. அதில் ஓடும் மயிர்க்கோடு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் அடிப்பதே அதை மறைக்கத்தான். இதைவிட மோசம் ‘செட்டிங்’. பழைய பட்டையின் நடுவில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, தண்ணீர் தெளித்து ஆற வைக்கிறார்கள். ஸ்பிரிங் இரும்பை அப்படிக் கையாளக் கூடாது. முழுப் பட்டையையும் உலையில் சீராகக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் டெம்பர் ஏற்ற வேண்டும். அந்த வசதி இருக்கிற பட்டறைகள் சில உண்டு, ரோட்டோரத்தில் இல்லை. நடுவில் மட்டும் காய்ச்சிய பட்டை ஒரு மாதத்தில் மறுபடி தாழும், இல்லையென்றால் கண்ணாடி போல முறியும். முனைகள் சேசிஸோடு இணையும் மெயின் பட்டை ஓடும்போது முறிந்தால் அந்தப் பக்க ஆக்சில் நகர்ந்துவிடும். மலை இறக்கத்தில் அதை யோசித்துப் பாருங்கள். பட்டையில் எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

வாங்கும்போது பட்டையில் தயாரிப்பாளரின் முத்திரையும் பார்ட் நம்பரும் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். வெர்னியர் வைத்து அகலம், கனம் இரண்டையும் பழைய பட்டையோடு ஒப்பிடுங்கள். ஜி.எஸ்.டி. பில் தராத கடையில் பட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

பட்டை சேர்ப்பது சரியாக இருக்கும் ஒரே ஒரு நிலை உண்டு. அதைத்தான் எல்லாரும் தங்களுக்குச் சாதகமாகத் திரிக்கிறார்கள் என்பதால் தெளிவாகச் சொல்கிறேன். வண்டியில் இறங்காத எடை இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி, நிரந்தரத் தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் போல. அந்த பாடி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) முறையாக ஏறியிருக்க வேண்டும். பாடி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்தும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றும் இருந்து, காலி நிலையிலேயே பின்பக்கம் தாழ்ந்து நின்றால், தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு, பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்க்கலாம். ஒன்றே ஒன்று. காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் தக்காளி இறங்காத எடை ஆகாது. ‘வாரம் ஆறு நாளும் லோடுதானே, அதுவும் நிரந்தரம் மாதிரிதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. திரும்பி வரும்போது வண்டி காலி.

பட்டையில் கைவைத்தால் பிரேக் கெடும் என்பது பல மெக்கானிக்குகளுக்கே தெரியவில்லை. பல பிக்கப்களில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி இணைந்த வால்வு இருக்கும், எல்எஸ்பிவி என்பார்கள். பின்பக்கம் தாழத் தாழ, லோடு இருக்கிறதென்று அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். விறைத்த பட்டையால் வண்டி தாழாமல் நின்றால், வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடையும் பெரும்பாலும் முன் பிரேக்கே இழுத்து நிறுத்த வேண்டியிருக்கும். சிலர் அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போது காலியாக வரும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். புதுச் செட் போட்டதும் அந்தக் கம்பியைக் கம்பெனி அளவுப்படி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியில் தாங்கிக்கொண்டுதான் கழற்ற வேண்டும். பழைய யு போல்ட்டை மறுபடி போட விடாதீர்கள். ஒருமுறை இழுத்து முறுக்கிய போல்ட் நீண்டிருக்கும். யு போல்ட், நட், சென்டர் போல்ட், ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பாகம்) புஷ் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பட்டை உட்காரும் இடத்தில் துருவையும் தடித்த பெயின்ட்டையும் சுரண்ட வேண்டும். அது நசுங்கினால் போல்ட் லூசாகும். நான்கு நட்டையும் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்க வேண்டும். ஸ்பேனரில் பைப் சொருகி ஏறி நின்று மிதிப்பதெல்லாம் கூடாது. ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் பின்னின் நட்டை வண்டி சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால், இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

எஃப்.சி. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பிரிவு 182அ-வில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக எடைக்குப் பிரிவு 194-ன்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும், சரக்கை இறக்கும் செலவும். புரோக்கர் வாங்கித் தரும் முத்திரை இதில் எதையும் தள்ளுபடி செய்யாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பட்டையை எண்ணுவார். அன்றைக்குப் புரோக்கரின் போன் அணைந்திருக்கும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கிற ஏற்பாடு, பட்டையை எண்ணாமலும் எல்எஸ்பிவி கம்பியைத் தொடாமலும் முடிந்துவிடுகிறதென்றால் அது எதற்கு? லைட் எரிகிறதா, பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற சோதனையால் மலைப்பாதையில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. கோபம் வருகிறது, வேறென்ன சொல்ல.

நீங்கள் எஃப்.சி.க்கு முன்பே புதுச் செட்டை மாட்டி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போங்கள். லோடை 100 பெட்டிக்குள் வையுங்கள்: 1,500 கிலோ சரக்கும் பெட்டியும், இரண்டு ஆளும் சேர்ந்து 1,650. அதற்குமேல் சரக்கு தினமும் இருந்தால் அடுத்த அளவு வண்டிக்கு மாறுவதுதான் வழி. பெட்டிகளைக் கேபினை ஒட்டி நெருக்கமாக அடுக்குங்கள். மாட்டியபின் முதல் லோடு இறக்கியதும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை, 1,000-ல் ஒருமுறை யு போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். பட்டறைக்காரர் தேவையில்லை என்பார். அவரை மீறியே செய்யச் சொல்லுங்கள்.