பிடெட் நாசில் தானே சுத்தமாகிவிடுமா?

கேள்வி: மாமியாருக்கு மூட்டுவலி, குனிந்து கழுவச் சிரமப்படுகிறார். அவருக்காக, உட்கார்ந்தபடியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும், கரண்டில் ஓடும் பிடெட் சீட்டைக் கழிவறையில் வாங்கி மாட்டச் சொல்கிறான் துபாயில் இருக்கும் மகன். ‘நாசில் தானே கழுவிக்கொள்ளும், கை வைக்கவே வேண்டாம்’ என்று விளம்பரம் சொல்கிறது. நாசில் என்பது தண்ணீர் பீய்ச்சும் சின்னக் குழாய். ‘அந்த இடத்துக்குக் கீழேயே இருக்கிற குழாய் எப்படிச் சுத்தமாக இருக்கும்?’ என்று மாமியார் முகம் சுளிக்கிறார். எங்கள் வீட்டில் புழங்குவது போர் தண்ணீர். வாங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: மாமியாரின் சந்தேகம் நியாயமானது. அந்தக் குழாய் எப்போதும் கீழே நீட்டிக்கொண்டு இருப்பதில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். பட்டனை அழுத்தினால்தான் வெளியே வரும். வரும்போதும் உள்ளே போகும்போதும் அதன் மேல் தண்ணீர் ஓடும். மற்ற நேரம் சீட்டின் பின்பக்கம் சின்ன மூடிக்குள் ஒதுங்கியிருக்கும். தண்ணீரும் சாய்வாகவே பீய்ச்சுகிறது. கழுவிய நீர் நேரே நாசில் மேல் விழுவது குறைவு. ஜப்பானில் டோட்டோ நிறுவனம் 1980இல் ‘வாஷ்லெட்’டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கே இது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஆனால் ‘கை வைக்கவே வேண்டாம்’ என்பதை நம்பாதீர்கள், அதுவும் நம் கடற்கரையில். நாசிலைக் கழுவப்போவதும் உங்கள் போர் தண்ணீர்தான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பல ஊர்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: சோப்பு நுரைக்காது, பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதே வெள்ளை நாசிலின் ஊசித்துளைகளிலும் பூக்கும். அந்தச் சொரசொரப்பில் அழுக்கு ஒட்டும், கிருமி தங்கும். துளை பாதி அடைத்துக்கொண்டால் தண்ணீர் திசை மாறிப் பீய்ச்சி, சீட்டின் அடிப்பக்கமெல்லாம் தெறிக்கும். பிடெட் அசுத்தமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள். ஆர்.ஓ. மெக்கானிக்கிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. குடிக்கிற தண்ணீருக்கான கணக்கு என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உங்கள் போர் 2000ஐத் தாண்டினால் அதில் எலெக்ட்ரிக் சீட்டை இணைக்க நான் சொல்லமாட்டேன். உள்ளே இருக்கும் வால்வும் ஹீட்டரும் வெகுநாள் தாங்காது.

அழுத்தமும் ஒரு பிரச்சினை. பல மாடல்களுக்குக் குறைந்தது 0.05 மெகாபாஸ்கல் அழுத்தம் தேவை என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். அதற்குத் தண்ணீர் டேங்க் சீட்டைவிடச் சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தரைத்தள பாத்ரூம், மொட்டைமாடியில் டேங்க் என்றால் 3 மீட்டரே தேறும் வீடுகள் நிறைய. அழுத்தம் போதாவிட்டால் உடம்பும் சரியாகக் கழுவப்படாது, நாசிலும் அரைகுறையாகத்தான் அலசப்படும். பிறகு பிரஷர் பம்ப் ஒரு செலவு. ஈரமான பாத்ரூமில் எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் இல்லாமல் பிளக் பாயிண்ட் வைக்கவே கூடாது. அது இன்னொரு செலவு. வெந்நீர் வசதிக்காகவா இவ்வளவும்? நம் ஊர் வெயிலில் டேங்க் தண்ணீரே சுடுகிறது.

கரண்ட் இல்லாத பிடெட் அட்டாச்மெண்ட் வாங்குங்கள் என்பதே என் யோசனை. இருக்கிற சீட்டுக்கு அடியில் மாட்டிவிடலாம், விலையும் பல மடங்கு குறைவு. நாசில் முனை கழற்றக்கூடியதா, திருகு மாமியாரின் கைக்கு எட்டுகிறதா, வலிக்கும் விரல்களால் அதைத் திருப்ப முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெண்களுக்கென்று தனி நாசில் இருப்பது நல்லது. பின்பக்க அழுக்கு முன்னால் வந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். வயதானவர்களுக்கு அது பெரும்பாடு. மெதுவான வேகமே போதும். கழுவியபின் அவருக்கென்று வைத்த துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை வினிகரில் நனைத்த துணியை நாசிலில் அரைமணி நேரம் சுற்றி வைத்து, அதற்கென ஒதுக்கிய பழைய டூத்பிரஷால் தேய்த்து அலசுங்கள். வெள்ளை கரைந்துவிடும். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், முலாமை அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் மகனிடம் போய்வந்தால், குழாயில் தேங்கிய தண்ணீரைச் சில நிமிடம் திறந்துவிட்டபின் உபயோகியுங்கள்.

கேள்வி: எங்கள் லாட்ஜில் ஹெல்த் ஃபாசெட்டை, அதாவது கழிவறையில் கையில் பிடித்துக் கழுவும் ஸ்ப்ரேயைத் தொடவே யாத்திரிகர்கள் கூச்சப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
– லாட்ஜ் நடத்துபவர், ராமேஸ்வரம்

பதில்: கூச்சப்படக் காரணம் இருக்கிறது. தண்ணீர் வரும் முனையைவிடக் கை படும் பிடியும் விசையும்தான் அழுக்கு. அறை காலியாகும் ஒவ்வொரு முறையும் அவற்றைச் சோப்பு நீரால் தேய்த்து, பிறகு கிருமிநாசினியால் துடைக்க ஆள் வையுங்கள். கழிவறைக் கோப்பை துடைத்த துணியால் இதைத் துடைக்கக் கூடாது. கொக்கியைக் கோப்பையின் விளிம்பைவிட நன்றாக உயர்த்தி அடியுங்கள். ஹோஸ் கோப்பைக்குள் தொங்கும்போது டேங்க் காலியானால் அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். நூற்றுக்கணக்கானவர் தங்கும் கட்டடத்தில் அதை விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கைகழுவும் இடத்தில் சோப்பும் இருக்கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஸ்டீல்’ என்று வாங்கிய ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் சில மாதத்திலேயே துருப்பிடித்துவிட்டது. ‘உப்புத் தண்ணீருக்கு வாரண்டி இல்லை’ என்கிறார்கள்.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அந்த நிபந்தனையை நீங்கள் வாங்கும்முன் தெரியும்படி போட்டிருந்தார்களா என்று பாருங்கள். போடவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், துருவின் போட்டோ, பழைய ஹோஸ் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து வாங்குவது பி.வி.சி. ஹோஸாக இருக்கட்டும். ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 304ஐவிட 316 ரகம் உப்பைத் தாங்கும். பயன்படுத்தியதும் ஹோஸுக்குத் தண்ணீர் விடும் சுவர்த் திருகை (ஆங்கிள் காக்) மூடிவிடுங்கள். அழுத்தத்திலேயே நின்றால் எந்த ஹோஸும் சீக்கிரம் கசியும்.