அமெரிக்க நர்சிங் ஹோம்களில் பராமரிப்புத் திட்டத்துக்கு 21 நாள் அவகாசமா?

"புதிதாகச் சேர்ந்தவருக்குப் பராமரிப்புத் திட்டம் எழுத 21 நாள் இருக்கிறதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா நேரமும் அப்படியில்லை, 21 என்பது உச்சவரம்பு.

சேர்ந்த நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். எம்டிஎஸ் என்ற அரசுப் படிவத்தில் அவரது உடல், மன நிலையைப் பதியும் முழு மதிப்பீடும், அதில் தெரியவரும் சிக்கல்களை அலசும் கேர் ஏரியா ஆய்வும் 14-ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். அந்த ஆய்வு முடிந்த தேதியிலிருந்துதான் 7 நாள் கணக்கு. 10-ஆம் நாளே முடித்துக் கையெழுத்திட்டால் கெடு 17-ஆம் நாள். சீக்கிரம் முடித்தவருக்குத்தான் நெருக்கடி, வேடிக்கைதான்! ஆகவே நர்ஸ், சமூகப் பணியாளர், உணவுப் பிரிவினர் கூடும் கூட்டத்துக்கு முதலில் நாள் குறித்துவிடுங்கள்.

48 மணி நேரத்துக்குள் எழுத வேண்டிய அடிப்படைத் திட்டம் தனி. காலாண்டு மதிப்பீட்டுக்கான 92 நாளை முந்தைய மதிப்பீட்டின் குறிப்புத் தேதியிலிருந்து (அதற்கான கவனிப்புக் காலத்தின் கடைசி நாள்) எண்ணுங்கள், அதை முடித்த தேதியிலிருந்து அல்ல.