பார்த்த கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் பட்டப்பகலில், ஒரு சாலைச் சந்திப்பில் காரைத் திருப்புவதற்கு முன் இருபுறமும் பார்த்தேன். சாலை காலியாக இருந்ததாகவே எனக்குப் பட்டது. திருப்பிய நொடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மோதியது. ஓட்டிவந்தவருக்குக் கை முறிந்தது, இப்போது தேறிவிட்டார். என் பார்வையில் குறை இல்லை என்கிறார் கண் மருத்துவர். அப்போது ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருந்தேன், ஆனால் இரு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. "பார்க்காமலேயே பார்த்தேன் என்கிறாய்" என்கிறார்கள் வீட்டில். எனக்கு என்னதான் ஆயிற்று?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். 'பார்த்தேன், ஆனால் தெரியவில்லை' என்று ஓட்டுநர்கள் கூறும் விபத்துகள் சாலைப் பாதுகாப்பை ஆராய்வோருக்கு நன்கு பழக்கமானவை. கண்ணை ஒரு பக்கம் திருப்புவது நம் விருப்பத்தில் நடப்பது. அதில் பட்டதெல்லாம் உணர்வுக்கு எட்டுவது அப்படியன்று.

விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்ப்பது நடுவிலுள்ள ஒரு சிறு குழி மட்டுமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடம்தான் அதற்குள் அடங்கும். இதை ஈடுகட்டக் கண்கள் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை இடம் தாவுகின்றன. தாவும் கணத்தில் வரும் காட்சியை மூளை பெரும்பாலும் தணித்துவிடுகிறது. ஆகவே தலையை ஒரே வீச்சில் திருப்பியபோது நீங்கள் கண்டது, கண் நின்ற சில இடங்களையும் அவற்றுக்கிடையே இருப்பதாக மூளை ஊகித்துக்கொண்டதையும் சேர்த்துத் தைத்த ஒரு சாலையைத்தான்.

கண் நேராக அதன்மீதே நின்றிருந்தாலும் மோட்டார் சைக்கிள் தெரியாமல் போயிருக்கலாம். பலரும் நம்ப மறுப்பது இதைத்தான். 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் அவருடைய சக ஆய்வாளர்களும், 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரலின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்று அப்படங்களில் செருகப்பட்டிருந்தது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் 12 பேரின் கண்கள் அந்த இடத்தையே நேராகப் பார்த்திருந்தன என்பதைக் கண்ணசைவைப் பதியும் கருவி காட்டியது. தொழிலில் தேர்ந்தவர்களுக்கே இது நேர்ந்தது என்பதை உங்கள் வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டியைத் தேடிய மனத்துக்குக் கொரில்லா எப்படியோ, கார் வருகிறதா என்று தேடிய மனத்துக்கு மோட்டார் சைக்கிளும் அப்படி ஆகியிருக்கக்கூடும்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஹெட்செட்டுக்கு வருகிறேன். உங்களைத் தேற்றுவதற்காக இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டுவதைப் போன்ற ஒரு பணியைச் செய்துகொண்டே தொலைபேசியில் உரையாடியவர்கள், பேசாதபோது தவறவிட்டதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகச் சிவப்பு விளக்குகளைத் தவறவிட்டார்கள். தொலைபேசியைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. வானொலி கேட்டவர்களிடம் இந்தக் குறை காணப்படவில்லை. உரையாடலுக்குத் தேவைப்படுவது கை அல்ல, கவனம். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நெரிசலைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொள்வார். தொலைவில் இருப்பவருக்கு உங்கள் சாலை தெரியாது. மோட்டார் சைக்கிள் தெரியாமல் போனது உங்கள் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. ஓட்டும்போது பேசுவது என்பது நீங்களே எடுத்த முடிவு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால், எதற்காக வருந்த வேண்டும், எதற்காக வருந்த வேண்டியதில்லை என்பது உங்களுக்கே தெளிவாகும்.

வண்டி நகரத் தொடங்கினால் தொலைபேசியை அணைத்துவிடுங்கள். சந்திப்பில் தலையை வீசித் திருப்பாமல், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று இடங்களில் கண்ணை நிறுத்துங்கள். முதலில் பார்த்த பக்கத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 'வண்டி வருகிறதா' என்று பொதுவாகத் தேடாமல், 'மோட்டார் சைக்கிள் வருகிறதா, சைக்கிள் வருகிறதா' என்று மனத்துக்குள் பெயர் சொல்லித் தேடுங்கள். விபத்துக் காட்சி இன்னமும் உறக்கத்தைக் கெடுக்கிறதென்றால் ஓர் உளவியலாளரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

வீட்டாரிடம் வாதாட வேண்டியதில்லை. அவர்களில் ஒருவரைக் கண்ணாடி முன் நிற்க வைத்து, கண்ணாடியில் தெரியும் தம் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். தம் கண் அசைவதை அவர் ஒருமுறைகூடக் காண மாட்டார். அருகில் நின்று பார்க்கும் உங்களுக்கு அது ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரியும்.