யாருக்கு முதல் ஊசி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொரோனாவில் பிரிட்டனின் கறுப்பினத்தவரும் வங்கதேச வம்சாவளியினரும் அதிகம் இறந்தார்கள். தடுப்பூசியில் அவர்களுக்கு ஏன் முன்னுரிமை இல்லை?

முன்னுரிமைப் பட்டியலில் 9 பிரிவுகள். வயது, இணை நோய், மருத்துவப் பணி, முதியோர் இல்லம் என்றுதான் பிரித்தார்கள். நெருக்கடியான வீடு, செய்யும் தொழில், நாள்பட்ட நோய்கள் இவைதான் ஆபத்தைக் கூட்டுகின்றன, இனம் அல்ல என்றது அரசுக்குத் தடுப்பூசி ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு. சரி. ஆனால் பஸ் ஓட்டுபவருக்கும், மூன்று தலைமுறை ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் எங்கே? 2021 பிப்ரவரியில்தான் இனத்தையும் வசிப்பிட வறுமையையும் சேர்த்துக் கணக்கிடும் கருவி வந்து, சுமார் 17 லட்சம் பேரை அதிக ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது.

30 வயதுக் கறுப்பின இளைஞர், 80 வயது வெள்ளையர். யாருக்கு முதலில்?

80 வயதுக்காரருக்கு. ஒருவருக்கு ஆபத்து மற்றவரைவிட எத்தனை மடங்கு என்று பார்த்தால் போதாது, எத்தனை பேர் இறக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

எல்லாம் மரபணு சமாச்சாரம்தானே?

ஒரு பங்கு உண்டு. நுரையீரல் செயலிழக்கும் ஆபத்தை இரட்டிப்பாக்கும் ஒரு மரபணு வகையை 2021-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தெற்காசிய வம்சாவளியினரில் 60 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது, ஐரோப்பியரில் 15 சதவீதம். ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளியினரில் வெறும் 2 சதவீதம். அவர்களும்தானே அதிகம் இறந்தார்கள்? ரத்தத்தில் தேடுவதற்கு முன் வீட்டிலும் வேலையிடத்திலும் தேடுங்கள்.

எந்தெந்த நாட்டில் இனம் பார்த்து ஊசி போட்டார்கள்? கட்டுரை எழுதுகிறேன், உடனே பட்டியல் அனுப்பவும்.

எந்த ஊசி, எந்த ஆண்டு என்று எழுதக்கூட உங்களுக்கு நேரமில்லை. கொரோனா என்றே வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் வெர்மான்ட், மொன்டானா மாநிலங்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகளுக்கு. மீதியை நீங்களே தேடுங்கள். தேடும்போது, மடங்கோடு ஆள் கணக்கையும் எடுங்கள்.

நியூசிலாந்தில் எல்லா இனத்தவருக்கும் 65 என்று ஒரே வயது வரம்பு வைத்தார்கள். அதைவிட நியாயம் உண்டா?

இந்தக் கேள்வி எந்த வடிவில் வந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. வயது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7 ஆண்டு குறைவு. மற்றவர்களுக்கு 65-இல் வரும் இதய நோயும் சர்க்கரையும் அவர்களுக்குப் பல ஆண்டு முன்பே வந்துவிடும். 65 வயதைக் கடந்தவர்களே அவர்களில் குறைவு. அங்கே கோடு போட்டால் வரிசையின் முன்னால் யார் நிற்பார்கள்? பெரும்பாலும் வெள்ளையர்தான். மாவோரிகளுக்கு வரம்பைக் குறையுங்கள் என்று அரசின் சொந்த அதிகாரிகளே சொன்னார்கள். அமைச்சரவை ஏற்கவில்லை. 2021 ஆகஸ்டில் டெல்டா வகைக் கொரோனா பரவத் தொடங்கியபோது இளம் மாவோரிகளில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஆறில் ஒரு பங்கு. தொற்றிலோ அவர்கள் பங்கு அதைவிட மிக அதிகம். அதிகாரிகளின் ஆலோசனையைத் தள்ளியது மாவோரிகளும் பிரிட்டிஷ் முடியரசும் செய்துகொண்ட 1840 ஒப்பந்தத்தின் கோட்பாடுகளை மீறிய செயல் என்று, அந்த ஒப்பந்தம் பற்றிய புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் அந்த டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இவ்வளவுக்கும் அப்புறம் "மருத்துவத்தில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று எனக்கு எழுதுகிறார்கள். 65 என்று கோடு போட்டதும் அரசியல் முடிவுதானே ஐயா!

ரத்தத்தில் ஆக்சிஜனை விரலில் மாட்டி அளக்கும் ஆக்சிமீட்டர் கறுப்புத் தோலில் தவறு காட்டுமா?

காட்டும். உண்மையில் ஆக்சிஜன் இறங்கியிருக்க, கருவி நல்ல எண் காட்டும் நிலை கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கறுப்பினத்தவரே ஊசிக்குத் தயங்கினார்களே, முன்னுரிமை தந்து என்ன பயன்?

1932 முதல் 1972 வரை, அமெரிக்காவின் டஸ்கிகி ஊரில் மேகநோய் (சிபிலிஸ்) கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை. தயங்காமல் என்ன செய்வார்கள்? தயக்கத்தைப் போக்க வழி இருக்கிறது: பிரிட்டனின் பர்மிங்காமில் மசூதிக்குள்ளேயே ஊசி மையம் திறந்தார்கள். தயங்குபவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவது அந்த வழி அல்ல.