தாளில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்

வணக்கம்.

என் மகள் தரம் 6 படிக்கிறாள். கைத்தொலைபேசியில் செஸ் விளையாடினால் பெரியவர்களையே வெல்லுகிறாள். கொழும்புக்குப் போட்டிக்குக் கூட்டிப்போனால் தன்னிலும் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) குறைந்த பிள்ளைகளிடம் தோற்கிறாள். கடைசிப் போட்டியில் 60 புள்ளி இறங்கிவிட்டது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்டத்தை என்ஜினில் (செஸ் ஆட்டத்தை ஆராயும் மென்பொருளில்) போட்டுப் பிழைகளைக் காட்டுகிறேன். அப்படியும் திருந்தவில்லை. எனக்குச் செஸ் தெரியாது. வேறென்ன செய்யலாம்?

ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்த 60 புள்ளியை முதலில் மறந்துவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட, 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்கு உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் கணக்கில் ரேட்டிங் ஏற்ற இறக்கத்தைப் பெருக்கும் எண் 40. சமமான ஆளிடம் தோற்றால் 20 போகும், 200 குறைந்த ஆளிடம் தோற்றால் 30. அப்படி இரண்டு தோல்வி, உங்கள் 60 சரி. ஏறும்போதும் இதே வேகந்தான்.

எனக்குச் சந்தேகம் தொலைபேசியில். அதில் அவள் விளையாடுவது 3 நிமிட, 5 நிமிட ஆட்டமாக இருக்கும். அந்தக் கை 90 நிமிட ஆட்டத்திலும் கெதியாகவே ஓடும். இதைக் கண்டுபிடிக்கச் செஸ் தெரியத் தேவையில்லை. நகர்வுகளை எழுதும் தாளில், ஐந்து நகர்வுக்கு ஒருதரம் மணிக்கூட்டில் மிச்சமுள்ள நிமிடத்தையும் எழுதச் சொல்லுங்கள். விதியில் அதற்கு இடமுண்டு. ஆளுக்கு 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் 30 விநாடியும் என்றால், 30ஆம் நகர்வுக்குள் 15 நிமிடம் கூடி மொத்தம் 105. தாளில் 85 என்று கிடந்தால் அவள் செலவழித்தது 20 நிமிடம். நகர்வுக்கு 40 விநாடி, அதுவும் எழுதுகிற நேரத்தையும் சேர்த்து. என்ஜின் இதைச் சொல்லாது. 20ஆம் நகர்விலேயே 10 நிமிடந்தான் மிச்சமென்றால் நோய் வேறு: தொடக்க நகர்வுகள் கைவரவில்லை, அல்லது முடிவெடுக்கப் பயம். எதுவானாலும் அந்தத் தாளைப் பயிற்றுநரிடம் கொடுங்கள்.

அவசரந்தான் காரணமென்றால், வாரத்தில் இரண்டு நாள் நிசப் பலகையும் மணிக்கூடும் வைத்து ஒரு நீண்ட ஆட்டம். நகர்வைத் தீர்மானித்த பிறகும் கை மடியிலேயே இருக்கட்டும். எதிராளிக்கு இதற்குப் பிறகு செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதி தொலைபேசியில் இல்லை. அங்கே பழகிய பிள்ளைகள் இன்னும் சில இடங்களில் மாட்டுப்படுவார்கள். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் காஸ்லிங்கில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். கோட்டையை முதலில் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் காஸ்லிங் இல்லை. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் ராணியை வைக்காமல் மணிக்கூட்டை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வு. எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்; இரண்டாந்தரம் விதி மீறினால் பொதுவாக ஆட்டமே போய்விடும். தொலைபேசி இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதால் பிள்ளையின் கைக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை.

சுற்றுகளுக்கு இடையில் என்ஜினைத் திறக்கவே வேண்டாம். "ஏன் பிள்ளை அந்தக் குதிரையை விட்டனீ?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள். அடுத்த சுற்றில் பலகையைப் பார்க்காமல் உங்கள் முகத்தையல்லவா நினைத்துக்கொண்டிருப்பாள்! ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கச்சான், தண்ணீர், வெளியே பத்து நிமிட நடை. மத்தியானம் வயிறு முட்டச் சோறு கொடுத்தால் மூன்றாம் மணித்தியாலத்தில் கண் சொக்கும். ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து, யோசிக்காமல் விளையாடிய இடங்களை அவளே தாளில் வட்டமிடட்டும். என்ஜின் அதற்குப் பிறகுதான்.

இரவு பஸ்ஸில் சுமார் 400 கிலோமீற்றர் போய் இறங்கி, அப்படியே முதல் சுற்றுக்கு இருத்துவதையும் நிறுத்துங்கள். முதல்நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள். புறப்படும் அவசரத்தில் உங்கள் தொலைபேசியை அவளுடைய பையில் போட்டுவிடாதீர்கள். மண்டபத்துக்குள் அது அவளிடம் இருப்பது தெரிந்தால், அவள் தொடவே இல்லையென்றாலும், நடுவர் ஆட்டத்தைத் தோல்வியாக அறிவிக்கலாம்.