அறை, ரொட்டி, வழி, வயிறு: ‘தோழர்’ என்ற சொல்லைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மொழிபெயர்ப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் எதுவென்று கேட்டால், தயங்காமல் ‘தோழர்’ என்பேன். தமிழில் ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் மூலமொழியில் அந்த இடத்தில் இருப்பது சில நேரம் ஓர் அறை, சில நேரம் ஒரு வணிகக் கூட்டம், சில நேரம் ஒரே தாயின் வயிறு. இரண்டு பேர் சமம் என்று சொல்ல ஒவ்வொரு மொழியும் வேறொன்றைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. இதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ‘காம்ரேட்’ ரஷ்யச் சொல்தானே சார்?

இல்லை. அதன் வேர் லத்தீன் ‘கேமரா’. வளைந்த கூரையுள்ள அறை என்று பொருள். ஸ்பானிய மொழியில் ‘கமராதா’ என்பது முதலில் ஓர் அறையில் தங்கியிருந்த மொத்தக் கூட்டத்தையும் குறித்தது. அப்புறம் அந்த அறையில் கூடத் தங்கும் ஒருவரைக் குறிக்கத் தொடங்கியது. படைவீரர்கள் வாயில் புழங்கி, பிரெஞ்சு வழியாகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. சோசலிஸ்டுகள் அதைத் தங்கள் விளிச்சொல்லாக எடுத்துக்கொண்டது 1880களில்தான்.

படம் பிடிக்கும் கேமராவும் இதே சொல். அதுவும் ஆரம்பத்தில் ‘இருட்டறை’தான். நீதிமன்றத்தில் ‘இன் கேமரா’ விசாரணை என்கிறார்களே, அங்கே கேமராவுக்கு வேலையே இல்லை. கதவை மூடிய அறைக்குள் நடக்கும் விசாரணை என்பதுதான் அதன் பொருள்.

கேள்வி: அப்படியானால் ரஷ்யர்கள் சொன்னது என்ன?

‘தவாரிஷ்’. இதுவும் பிறந்த இடத்தில் அரசியல் சொல் இல்லை. துருக்கிய மொழிகளில் ‘தவர்’ என்றால் பொருள், சரக்கு, கால்நடை. அதோடு ‘கூட்டாளி’ என்ற பொருள் தரும் ஒரு சொல் சேர்ந்து உருவானது. சரக்கோடு சேர்ந்து பயணம் போகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய ரஷ்ய மொழியிலும் ‘தவார்’ என்றால் விற்பனைச் சரக்குதான்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே இந்தியின் ‘சாத்தி’ நினைவுக்கு வந்தது. அங்கும் தோழரைக் குறிக்க அதைத்தான் சொல்கிறார்கள். அதன் வேர் வடமொழியின் ‘சார்த்த’, அதாவது வணிகக் கூட்டம். அதே சொல் தமிழுக்குள் ‘சாத்து’ என்று வந்தது. கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான், பெரிய வணிகச் சாத்தின் தலைவன். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு இடங்களில் தோழமை ஒரே மாதிரி வணிகப் பாதையிலிருந்து கிளம்பியிருக்கிறது. கள்ளர் பயம், பாலை, பனி எல்லாம் உள்ள வழியில் யாரை நம்பிச் சரக்கை விட்டுத் தூங்க முடியுமோ அவன்தான் தோழன். எனக்கு இது மிகவும் பிடித்த விளக்கம்.

ஓர் எச்சரிக்கை. புரட்சிக்கு முந்தைய ரஷ்யக் கதையில் ‘அமைச்சரின் தவாரிஷ்’ என்று வந்தால், அமைச்சரின் தோழர் என்று எழுதிவிடாதீர்கள். அது துணை அமைச்சரின் பதவிப் பெயர்.

கேள்வி: இத்தாலியக் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன் அக்காவோடு சேர்ந்து. அதில் ‘கொம்பான்யோ’, ‘கமராத்தா’ என்று இரண்டு சொற்கள் வருகின்றன. இரண்டுக்கும் ‘தோழர்’ போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கதையே தலைகீழாகிவிடும். ‘கொம்பான்யோ’ இடதுசாரிகளின் சொல். ‘கமராத்தா’ முசோலினியின் பாசிசக் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட சொல். ஓர் இத்தாலியர் இன்னொருவரை எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பாசிசப் பாத்திரங்கள் பேசும் இடத்தில் ‘கமராத்தா’வை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்து, முதல் தடவை வரும்போது பொருள் புரியும்படி ஒரு வாக்கியம் சேர்ப்பதுதான் நான் செய்வது.

‘கொம்பான்யோ’வின் உள்ளே இருப்பது ரொட்டி. லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ரொட்டியைச் சேர்ந்து உண்பவர் கொம்பான்யோ. ஸ்பானிய ‘கொம்பான்யேரோ’வும் இந்தக் குடும்பம். ‘கம்பெனி’யும் அப்படித்தான். ஆர்மீனிய மொழியின் ‘என்கேர்’ என்பதிலும் சேர்ந்து உண்பவர் என்ற பொருள்தான் அடியில் கிடக்கிறது. கிரேக்கத்தின் ‘சிந்த்ரொஃபொஸ்’ ஒன்றாக ஊட்டி வளர்க்கப்பட்டவர். இன்று அது அரசியல் தோழரையும் குறிக்கும், வாழ்க்கைத் துணையையும் குறிக்கும். எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: தோழர் என்று அழைத்தால் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ? மற்ற மொழிகளில் இந்தச் சிக்கல் உண்டா?

நிறையவே உண்டு. ஜெர்மனியில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் ‘கெனொஸ்ஸெ’ என்பார்கள், பெண்ணானால் ‘கெனொஸ்ஸின்’. அப்படி அழைத்த பிறகு ‘டூ’தான், அதாவது ‘நீ’. வயதும் பதவியும் பார்ப்பதில்லை. போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்துக் கட்சிக்காரர்கள் ‘தொவாஷிஷ்’ என்று அழைத்து, கூடவே ‘வி’ என்ற பன்மைப் பெயரைப் போட்டார்கள். போலந்து வழக்கில் மரியாதைக்கு ‘பான்’, ‘பானி’ என்பதுதான் இயல்பு என்பதால் பலர் காதில் அது ரஷ்ய வாடையோடு விழுந்தது.

வியட்நாம் இன்னும் சுவையானது. அந்த மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பதற்கே பெரும்பாலும் உறவுச்சொல்தான் வரும். அண்ணன், தங்கை, மாமா, பாட்டி என்று எதிரில் இருப்பவரின் வயதைக் கணக்கிட்டுத்தான் வாய் திறக்க முடியும். ‘தோங் ச்சி’ என்ற சொல் அந்தக் கணக்கைத் தள்ளி வைக்க வழி கொடுத்தது. அதையே முன்னிலைப் பெயராகப் பயன்படுத்திவிடலாம்.

தமிழில் என் முடிவு: ‘தோழர்’ என்றால் ‘நீங்கள்’. காரணத்தைக் கீழே தோழி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: சீனச் சொல்லுக்கு இப்போது வேறு பொருள் என்கிறார்களே?

சீனத்தின் ‘தொங்ஜி’யில் இரண்டு எழுத்துகள். ஒன்று ‘ஒரே’, மற்றது ‘மன உறுதி, இலட்சியம்’. ஒரே நோக்கம் கொண்டவர். கம்யூனிஸ்டுகளுக்கு முன்பே சீனக் குடியரசின் தந்தை எனப்படும் சுன் யாட்-சென் இதைத் தன் கட்சியினருக்குச் சொன்னார். புரட்சி இன்னும் முடியவில்லை, தோழர்கள் தொடர்ந்து உழைக்க வேண்டும் என்பது 1925இல் அவர் விட்டுச்சென்ற இறுதி வாசகம். ஜப்பானின் ‘தோஷி’, கொரியாவின் ‘தோங்ஜி’, மேலே சொன்ன வியட்நாம் ‘தோங் ச்சி’ எல்லாம் இதே இரண்டு எழுத்துகளின் வேறு வேறு உச்சரிப்பு.

1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு சீனாவில் கடைக்காரர் முதல் தலைவர் வரை எல்லாரும் தொங்ஜி. 1980களின் இறுதியில் ஹாங்காங்கில் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் இந்தச் சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். இழிவாகப் பேசப்பட்டவர்கள் தங்களுக்குள் சமமாக, கௌரவமாக அழைத்துக்கொள்ள இதைவிட நல்ல சொல் கிடைத்திருக்காது. அந்தப் பொருள் பெருநிலச் சீனாவுக்கும் பரவியது. 2016இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் விதிமுறைகளில், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தொங்ஜி என்றே அழைக்க வேண்டும் என்று மறுபடி வலியுறுத்தியது. ஆக இன்று ஒரு சீனக் கதையில் இந்தச் சொல் வந்தால், வருடம், இடம், பேசுபவர் மூன்றையும் பார்க்காமல் தமிழ்ப்படுத்த முடியாது.

கேள்வி: கொரிய நாடகங்களில் நண்பனுக்கு எப்போதும் ‘சின்கு’ என்கிறார்கள். ஆனால் பழைய பாட்டில் ‘தோங்மு’ என்று கேட்டேன். இரண்டும் ஒன்றா?

இந்தக் கேள்விக்காக நன்றி சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை என்னை வருத்தும் கதை. ‘தோங்மு’ என்பது கூட விளையாடும் பிள்ளையைக் குறிக்கும் எளிய பழைய சொல். நாடு இரண்டானது. வடக்கில் அதைத் தோழருக்கான அரசியல் விளிச்சொல்லாக ஆக்கினார்கள். அதனாலேயே தெற்கில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சொல்லாகிவிட்டது. எதிரி நாட்டின் சொல்லாயிற்றே! தெற்கே நண்பனுக்குச் ‘சின்கு’ நிலைத்தது. தோளில் கை போட்டு நடக்கும் நட்புக்கு ‘ஒக்கே தோங்மு’ என்ற கூட்டுச்சொல் மட்டும் அங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது. ‘ஒக்கே’ என்றால் தோள்.

வடக்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மேலே உள்ளவருக்கு ‘தோங்ஜி’, சமமானவருக்கோ கீழே உள்ளவருக்கோ ‘தோங்மு’ என்று பிரிந்துவிட்டது. சமத்துவத்துக்காக எடுத்த சொல்லுக்குள்ளேயே படிநிலை முளைத்துவிட்டது. மொழிபெயர்க்கும்போது இந்த வித்தியாசத்தைத் தமிழில் காட்ட நான் ‘தோழர்’, ‘தோழா’ என்று பிரித்து எழுதுவேன்.

கேள்வி: பெண்ணைத் ‘தோழர்’ என்பதா, ‘தோழி’ என்பதா?

தோழர் என்பதே சரி. சங்கப் பாடல்களின் தோழி தலைவியின் அந்தரங்கத் துணை. மிக அழகான பாத்திரம், ஆனால் அரங்கில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்துக்கு அந்தச் சொல் வேறு நிறம் கொடுத்துவிடும். ‘அர்’ விகுதி ஆண், பெண் இருவரையும் தாங்கும். ஹங்கேரியர்கள் ‘எல்வ்தார்ஷ்’, அதாவது கொள்கைத் துணைவர், என்ற சொல்லோடு பெண்ணுக்குத் தனியாக ‘நோ’ என்று ஒரு வால் சேர்க்க வேண்டியிருந்தது. ரஷ்ய ‘தவாரிஷ்’ இலக்கணப்படி ஆண்பால். அதையே பெண்களுக்கும் சொன்னார்கள். தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ‘அர்’ மரியாதை விகுதி. ஜெர்மானியர் எல்லாரையும் ‘நீ’ என்ற இடத்துக்குக் கொண்டுவந்து சமமாக்கினார்கள். தமிழ் எல்லாரையும் ‘அவர்’ என்ற இடத்துக்கு உயர்த்திச் சமமாக்குகிறது. காலம் முழுக்க ‘டேய்’, ‘அடா’ என்று அழைக்கப்பட்ட ஒருவரை முதல் தடவையாகத் ‘தோழர்’ என்று அழைக்கும்போது அந்த ஒற்றை ‘ர்’ என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ‘நீங்கள்’ என்றேன்.

கேள்வி: தமிழில் இந்த வழக்கம் சோவியத்தைப் பார்த்து வந்ததுதானே?

விளிச்சொல்லாக ஆனதில் அந்தப் பங்கு உண்டு. 1932இல் ஐரோப்பா, சோவியத் பயணம் முடிந்து திரும்பிய பெரியார், ஸ்ரீ, திருவாளர் போன்ற அடைமொழிகளை விட்டு எல்லாரும் ஒருவரையொருவர் ‘தோழர்’ என்றே அழைக்க வேண்டும் என்று ‘குடி அரசு’ இதழ் மூலம் கேட்டுக்கொண்டார். பொதுவுடைமை இயக்கமும் அதே சொல்லை எடுத்துக்கொண்டது.

ஆனால் ஏற்றத்தாழ்வைத் தாண்டும் வேலையை இந்தச் சொல் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தமிழில் செய்திருக்கிறது. குகனைப் பற்றிப் பாடும் திருமங்கையாழ்வார், ‘ஏழை ஏதலன் கீழ்மகன் என்னாது’ இரங்கிய இராமன், ‘தோழன் நீ எனக்கு’ என்று சொன்னதாகப் பாடுகிறார். வேடனும் அரசகுமாரனும் ஒரே தட்டில் நிற்க அவர் தேர்ந்தெடுத்த சொல்லைப் பாருங்கள். சுந்தரருக்கு வழங்கும் பெயரோ தம்பிரான் தோழர்.

கேள்வி: ‘சகோதரர்’ என்பதைத் தோழருக்குப் பதிலாகச் சொல்லும் மொழிகள் உண்டா?

உண்டு. சிங்களத்தில் இடதுசாரிகள் ‘சகோதரயா’ என்கிறார்கள். தான்சானியாவில் அதன் முதல் அதிபர் நியெரெரே காலத்தில் சுவாஹிலியின் ‘ன்டுகு’ பரவலானது. உடன்பிறப்பு, உறவினர் என்று பொருள், ஆண் பெண் பேதம் இல்லை. ‘சகோதர’ என்பதன் உள்ளே ‘ஒரே வயிறு’ இருக்கிறது. துருக்கியின் ‘கர்தெஷ்’ என்பதும் ‘கரின்’ என்ற வயிற்றிலிருந்து வந்ததே. அதே ‘தாஷ்’ விகுதியை வழி என்ற பொருளுள்ள ‘யோல்’ உடன் சேர்த்தால் ‘யோல்தாஷ்’, வழித்துணை. அதுதான் அவர்களின் தோழர். அஜர்பைஜானில் அதே சொல் கணவனையோ மனைவியையோ குறிக்கும்.

கேள்வி: செர்பிய ‘த்ரூக்’, ரஷ்ய ‘த்ரூக்’ ஒன்றா?

வேர் ஒன்று. செர்பியாவில் தோழர், ரஷ்யாவில் நெருங்கிய நண்பர். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நேராகவே ‘சமமானவர்’ என்று சொல்லும் சொல் எந்த மொழியிலும் இல்லையா?

லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். அதிலிருந்து வந்தது ஆங்கிலத்தின் ‘பியர்’. இங்கிலாந்தின் 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டா, ஒருவனை அவனுக்குச் சமமானவர்களே தீர்ப்பிட வேண்டும் என்றது இந்தப் பொருளில்தான். அப்புறம் நடந்ததைப் பாருங்கள்: தங்களுக்குள் சமம் என்று சொல்லிக்கொண்ட பிரபுக்களுக்கே அது பட்டமாகிவிட்டது. பிரிட்டனில் ‘பியர்’ என்றால் பிரபு. அறிவியல் கட்டுரைகளின் ‘பியர் ரிவ்யூ’வில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைச் ‘சக ஆய்வாளர் மதிப்பீடு’ என்று எழுதுவது எனக்குத் திருப்தி.

கேள்வி: எல்லாரையும் ஒரே சொல்லால் அழைக்கச் சட்டம் போட்டால் சமத்துவம் வந்துவிடுமா அண்ணா?

கம்போடியாவில் போட்டார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் எல்லாரும் எல்லாருக்கும் ‘மித்’. நம் ‘மித்திரன்’தான் அது. வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ப இருந்த மரியாதைச் சொற்கள் ஒதுக்கப்பட்டன. அதே வேளையில் தலைமையில் இருந்த போல் பாட் ‘அண்ணன் எண் ஒன்று’. எல்லாரும் நண்பர், மேலே ஒரு மூத்த அண்ணன். லட்சக்கணக்கானவர்கள் அந்த நான்கு ஆண்டுகளில் செத்துப்போனார்கள். அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகளில் ‘மித்’ வரும்போது ‘தோழர்’ என்று எழுதவே கை வரவில்லை எனக்கு. ‘மித்’ என்றே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: கடைசியாக ஒன்று. 1995இல் இஸ்ரேல் பிரதமர் ராபின் கொல்லப்பட்டபோது அமெரிக்க அதிபர் கிளின்டன் ஹீப்ரு மொழியில் ‘ஷாலோம், ஹவேர்’ என்றாரே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

‘ஹவேர்’ சேர்ந்திருப்பவர் என்ற வேரிலிருந்து வருவது. நண்பர், தோழர், காதலர், மன்ற உறுப்பினர் எல்லாம் அதற்குள் அடங்கும். ‘ஷாலோம்’ வணக்கமும் ஆகும், விடைபெறுதலும் ஆகும், அமைதியும் ஆகும். ‘சென்று வாருங்கள், தோழர்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கூட்டத்தில் பேசுவது போல இருந்தது. ‘நண்பரே’ என்றால் கடிதம் போல இருந்தது. இரண்டு நாட்டுத் தலைவர்கள்தான், ஆனால் அந்த நேரத்தில் ஒருவன் இன்னொருவனைப் பறிகொடுத்து நிற்கிறான். ‘ர்’ஐ எடுத்துவிட்டேன். ‘போய் வா, தோழா.’